எழுபத்தேழாம் பட்டியல்

அத்தியாயம் 6

இன்ஸ்பெக்டர் மெர்சி ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் நகர்த்தினாள். அதில் இரண்டே வரி. டிஸ்க்: 77. டிரைவ்: 77.

"அவ்ளோதான். முடிஞ்சது," என்றாள்.

அமிர்தவள்ளி தாளைத் தொடவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கட்டிங் செக்‌ஷன் மேஜையில் நின்று தோல் செக்கிங் பார்த்தவள் அவள். பிறகு வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடியறையில் துப்பறியும் ஏஜென்சி வைத்து ஆறு வருஷம் ஆகிறது. வருவதில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. ஒருவர் தாளைத் தள்ளிவிட்டு முடிந்தது என்று சொன்னால், அவர் பாதி வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். மேஜையில் நின்ற காலத்தில் அவள் கற்றது அது.

மெர்சிக்குப் பக்கத்து நாற்காலியில், புகார் கொடுத்த ஹேமந்த் உட்கார்ந்திருந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஸ்டேஷனில் உள்ளவர்களுக்கெல்லாம் அவன் பெயரில் டீ வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் பேச வேண்டியதையும் பாதிக்கு மேல் அவனே பேசினான்.

விஷயம் இதுதான். ஹேமந்தின் தாத்தா ஐம்பத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னால் 'கண்ணாடிக் கப்பல்' என்று ஒரு படம் எடுத்தார். அது பதினோரு நாள் ஓடியது. பேரன் அந்தப் படத்தைத் துடைத்து, கழுவி, ப்ளூ-ரே டிஸ்காகக் கொண்டுவந்தான். விற்பனைக்கு முன்னால் விமர்சனம் செய்கிற ஐந்து பேருக்கு ஆளுக்கொரு டிஸ்க் அனுப்பினான். போன மாசம் இருபத்தெட்டாம் தேதி முழுப் படமும் இணையத்தில் வந்துவிட்டது. திருடியவன் முஜாஹித் என்று புகார். ஆம்பூரில் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன், டிஸ்குகளின் பூட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு கூட்டத்தில் அவனும் ஒருவன். நாலாம் தேதி போலீஸ் அவன் வீட்டுக்குப் போய், டிஸ்க் படிக்கும் டிரைவ் ஒன்றை எடுத்து வந்தது. டிரைவின் நினைவில் இருந்த எண்ணும் 'கண்ணாடிக் கப்பல்' டிஸ்கில் இருந்த எண்ணும் ஒன்று. ஆகவே இந்த டிரைவ் அந்த டிஸ்கைப் பார்த்திருக்கிறது.

மாலை ஐந்து மணிக்கு எஃப்ஐஆர். அதே ஐந்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். அவர்களை அழைத்ததும் ஹேமந்த்தான்.

முஜாஹித்துக்குப் போர்ச்சுகலில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. விசாவுக்கு, இவன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் அறிக்கை நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். எஃப்ஐஆர் போட்டால் வேலையும் விசாவும் அதோடு சரி. நேற்று அவன் அம்மா அன்வரி பேகம் லாட்ஜின் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துதான் அமிர்தவள்ளியைப் பிடித்தாள்.

அமிர்தவள்ளியின் பின்னால் நின்ற நசீர் அகமது, பேரணாம்பட்டு ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாள், வாய் மூன்றும் அவர்தான். அவர் கண் மேஜையோரம் போயிற்று. ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று. அதற்குள் அந்த டிரைவ். பையின் வாய் கட்டப்படவில்லை, அரக்கும் இல்லை, சீட்டும் இல்லை.

"இதுகூட ஜாக்கெட் பிட்டு உண்டா மேடம்?" என்று மெர்சியிடம் மரியாதையாகக் கேட்டார்.

மெர்சி முறைத்தாள். அந்த இடைவெளியில் அமிர்தவள்ளி சில கேள்விகளை முடித்துக்கொண்டாள். முஜாஹித் வீட்டு அலமாரியில் மூன்று டிரைவ் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்ததற்குக் காரணம், புகாரிலேயே அந்த மாடலின் பெயர் இருந்தது. எண்ணைச் சோதித்தது ஆறாம் தேதி. சோதிக்கச் சொன்னது ஹேமந்த்.

"டிரைவுக்கு ஞாபகம் இருக்கும்னு சாருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றான் ஹேமந்த். அந்தக் கூட்டம் எழுதுவதையெல்லாம் ஒரு வருஷமாக வரி விடாமல் படிக்கிறானாம். பெருமையாகத்தான் சொன்னான்.

பெருமைப்படுகிறவனிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. தானாகவே வரும். அவள் எழுந்தாள். மணி பதினொன்றரை.

முஜாஹித்தின் அறையில் கட்டிலைவிட அலமாரி பெரிது. டிஸ்குகள் வரிசையாக நின்றன. அநேகமும் படமாகப் பார்க்கத் தகுதியில்லாத படங்கள். படத்துக்காக வாங்குவதில்லை, அதன்மேல் இருக்கும் பட்டியலுக்காக வாங்குகிறோம் என்றான். இருபத்தாறு வயது. சவரம் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். பேச ஆரம்பித்தவன் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. அமிர்தவள்ளிக்குத் தலை வலித்தது.

நசீர் பாய்தான் கையைத் தூக்கினார். "இரு தம்பி. மேடம், இது நம்ம பஸ் பாஸ் கதைதான். ஒரு பாஸ் கள்ளத்தனமா ஊரெல்லாம் சுத்துதுன்னு தெரிஞ்சா, டெப்போவுல அந்த நம்பரை ரத்து பண்ணி லிஸ்ட் போடுவான். லிஸ்ட் என் கைக்கு வர்ற வரைக்கும் எனக்கு இன்னா தெரியும்? ஏத்திக்குவேன். வந்தப்புறம் அதே பாஸை நீட்டினா எறக்கி விட்ருவேன். இங்க டிரைவ்தான் கண்டக்டர். பாஸு, படம் ஓட்டுற சாஃப்ட்வேர் வெச்சிருக்கிற சாவி. டெப்போக்காரன் லிஸ்டைத் தனியா அனுப்பல, ஒவ்வொரு புது டிஸ்க் முதுகுலயும் ஏத்தி அனுப்புறான். புது டிஸ்க் உள்ள போன உடனே கண்டக்டர் புது லிஸ்டை மனப்பாடம் பண்ணிக்கிறான். சரியா?"

"சரி சாச்சா. ஆனா அவன் மறக்கவே மாட்டான்," என்றான் முஜாஹித். "பழைய டிஸ்கைத் திரும்பப் போட்டாலும் பழைய லிஸ்டுக்குப் போகாது. நம்பர் ஏறும். எறங்காது."

"ரிட்டயர்மென்ட் இல்லாத கண்டக்டர். பாவம்."

அந்தக் கூட்டத்தில் உலகம் பூராவும் சேர்த்து நாற்பது பேர். ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள். எந்த டிஸ்கில் எந்த எண் பட்டியல், அது எந்த மாசம் வந்தது, அதில் எந்தச் சாவி ரத்தானது, அதற்குப் பிறகு எந்த மெஷின் எதைத் திறக்க மறுத்தது என்று எழுதி வைக்கிறார்கள். எதற்கு என்று அமிர்தவள்ளி கேட்டாள். படிக்கும் காலத்தில் கடையில் முறையாக வாங்கிய ஆறு டிஸ்க் வைத்திருந்தானாம். ஏழாவதாக ஒரு புது டிஸ்கைப் போட்டான். மறுநாளிலிருந்து முதல் ஆறும் திறக்கவில்லை. கம்பெனிக்கு எழுதினான், புது சாஃப்ட்வேருக்கு மாறச் சொன்னார்கள். அந்த சாஃப்ட்வேரை அவர்கள் செய்வதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வாங்கினவனை வெளியே தள்ளும் பூட்டு. திருடன் மட்டும் சுகமாக இணையத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். இதற்கு ஒரு கம்பெனிக் கூட்டமைப்பு, அதற்கு வருஷா வருஷம் ஒரு புதுப் பட்டியல். அதைக் கணக்கெடுக்க நாற்பது வேலையற்றவர்கள். யார் அதிகம் முட்டாள் என்று அமிர்தவள்ளியால் உடனே முடிவு செய்ய முடியவில்லை.

போலீஸ் எடுத்துப்போன டிரைவை ஒன்பது வருஷமாக அவன் புது டிஸ்க் எதன் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்தான். அறுபத்தொன்றாம் பட்டியலோடு நின்றுபோன டிரைவ். பழைய சாவிகளை இன்னும் ஏற்றுக்கொள்கிற கண்டக்டர். நாற்பது பேரிடத்திலும் சேர்த்து அப்படி இரண்டுதான் மிச்சம். விசா போவதைவிட அது எழுபத்தேழு ஆகிவிட்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை போலிருந்தது. வாசலில் நின்ற அன்வரி பேகம், பால் சட்டியை மூடச் சொன்னால் மறந்துவிடுகிறவன் இந்தத் தகர டப்பாவை ஒன்பது வருஷம் பொத்தி வைத்ததைப் பற்றி உருதில் ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க நசீர் பாய் மறுத்துவிட்டார்.

"ஒண்ணாம் தேதி நாங்க எல்லாரும் அவங்கவங்க டிரைவோட நம்பரைக் குழுவுல எழுதுவோம்," என்றான் முஜாஹித். "இந்த மாசம் ஒண்ணாம் தேதி நான் அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கேன்."

"படம் வெளிய வந்தது இருபத்தெட்டு. அப்போ திருட்டுக்கு அப்புறம்தான் நம்பர் மாறியிருக்கு."

"நானே எழுதினது மேடம். பொய்னு சொல்லிடுவாங்க."

சொல்வார்கள். அவளே சொல்வாள். ஆனால் அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. தோல் மேஜையில் கீறல் இருக்கிறதா என்று யாரும் சண்டை போடுவதில்லை, அது கண்ணுக்கே தெரியும். எப்போது பட்டது என்பதில்தான் சண்டை. ஆடு உயிரோடு இருக்கும்போது முள் கீறினால் ஆறித் தழும்பாகும். உரிக்கும்போது கத்தி பட்டால் விளிம்பு ஆறாது. தோல் பதனிடும் டேனரிக்காரன் எல்லாவற்றையும் முள் என்பான். விரலால் தடவிப் பார்த்து, இது கத்தி என்று திருப்பி அனுப்புவதுதான் பன்னிரண்டு வருஷம் அவள் பார்த்த வேலை.

விமர்சனத்துக்குப் போன ஐந்து டிஸ்கும் விற்பனைக்கு வந்த டிஸ்கும் ஒன்றுதானா என்று கேட்டாள்.

முஜாஹித் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணா இருக்கணும்னு இல்ல மேடம். அடிக்கிற ஃபாக்டரி, ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அன்னிக்கு எது புது லிஸ்டோ அதைத்தான் போடணும். மொதல்ல அஞ்சு அடிச்சாங்க. அப்புறம் விக்கிறதுக்கு அடிச்சாங்க. நடுவுல புது லிஸ்ட் வந்திருந்தா ரெண்டும் வேற வேற. வருஷக்கணக்கா நாங்க எழுதி வெக்கிறதே அதைத்தான். எனக்கே தோணாம போச்சு."

"திருட்டுப்போனது எது?"

"அஞ்சுல ஒண்ணு. விக்கிற டிஸ்க் அப்போ பொறக்கவே இல்ல."

ஹேமந்தின் இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். ஐந்தாம் தேதி, குங்குமம் வைத்த அட்டைப்பெட்டிகள் முன்னால் அவன் சிரித்துக்கொண்டு நின்றான். இன்று காலை ஃபாக்டரியிலிருந்து வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தான். போலீஸ் டிரைவை எடுத்தது நாலாம் தேதி.

அந்த ஐந்து டிஸ்கில் எழுபத்தேழு இல்லை என்று காட்டினால் போதும். டிரைவில் ஏறிய எழுபத்தேழு, ஸ்டேஷனுக்குள் ஏறிய எழுபத்தேழு. ஐந்து பேரில் நாலு பேர் சென்னை. ஐந்தாவது, பழைய படங்களைப் பற்றி முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுத்து வீடியோ போடுகிற தூபா. ஊர் பேரணாம்பட்டு.

"கண்ணை மூடிட்டே ஓட்டுவேன்," என்றார் நசீர் பாய்.

"திறந்துட்டு ஓட்டுங்க பாய். சாயங்காலம் இவனுக்கு வேலை இருக்கு."

தூபாவுக்கு முப்பது வயது இருக்கும். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டவள். வீட்டில் அனுமதி குரலுக்கு மட்டும், முகத்துக்கு இல்லை. பார்ப்பவர்கள் எண்ணூறு பேர். 'கண்ணாடிக் கப்பல்' பற்றி வீடியோவில் நாசூக்காகப் பேசியிருந்தாள். நேரில் கேட்டதற்கு, கப்பல் ஒன்றுதான் கண்ணாடி, மற்றதெல்லாம் கட்டை என்றாள்.

டிஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். முஜாஹித் தன்னோடு கொண்டுவந்த இன்னொரு டிரைவையும் லேப்டாப்பையும் தரையில் பரப்பி, உறையைக் கிழித்து டிஸ்கைப் போட்டான். எல்லோரும் குனிந்தார்கள்.

எழுபத்தேழு.

முஜாஹித் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். நசீர் பாய் தொண்டையைச் செருமினார்.

"கண்டக்டர் நம்மளையும் எறக்கி விட்டான் மேடம்."

மணி இரண்டே முக்கால். அமிர்தவள்ளி குனிந்து, கிழித்த உறையை எடுத்தாள். மெல்லிய பிளாஸ்டிக். ஃபாக்டரியில் ஒட்டியது ஒட்டியபடி இருந்திருக்கிறது. கிழித்தது முஜாஹித், இப்போது. அப்படியானால் இவள் படத்தைப் பார்த்தது எப்படி? அதைத்தான் தூபாவிடம் கேட்டாள்.

"நான் பாத்த டிஸ்க் இது இல்ல," என்றாள் தூபா. "அதுல சவுண்டு சரியில்லன்னு சொல்லி வாங்கிட்டுப் போய்ட்டாரு. இதைக் குடுத்தாரு. நேத்துதான்."

"யாரு?"

"ஹேமந்த் சார். அவரே கார்ல வந்தாரு. சவுண்டு நல்லாத்தான் இருந்தது, அதையும் சொன்னேன்."

எண்ணூறு பேர் கேட்கும் ஒரு குரலுக்காக, படத்தின் சொந்தக்காரன் பேரணாம்பட்டு வரை கார் ஓட்டி வந்திருக்கிறான். அமிர்தவள்ளி முஜாஹித்தைப் பார்த்தாள். எழுபத்தேழு என்று போலீஸ் சொன்னதை அவன் தன் குழுவில் எழுதினானா, எப்போது எழுதினான் என்று கேட்டாள். ஆறாம் தேதி சாயங்காலம் என்றான். ஏழாம் தேதி காலையில் அந்தத் தபால்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தாராம். எந்தத் தடவை அடித்த டிஸ்க் என்று. கவலையில் அவன் அதற்குப் பதில்கூடப் போடவில்லை.

"நீ படிக்கல. அவன் படிச்சிருக்கான்," என்றாள்.

அரைகுறையாகக் கற்றவனின் கோளாறு இது. டிரைவுக்கு நினைவு உண்டு என்பதுவரை படித்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டான். ஒரே படத்தின் டிஸ்குகளே வேறு வேறு பட்டியலைச் சுமக்கும் என்பது அடுத்த பாடம். பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து விடையைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் ஓடி, பழைய டிஸ்கையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறான். சென்னையிலும் மாற்றியிருப்பான். போய்ப் பார்க்க நேரமும் இல்லை.

புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை மெர்சியின் மேஜையில் வைக்க முடியாது.

நசீர் பாய்க்குச் சும்மா நிற்க வராது. தூபாவின் மேஜையில் குரோஷா பின்னல் துணி போட்டு மூடியிருந்த டிரைவைப் பார்த்தார். முஜாஹித்தின் மெஷின் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, துணியை விலக்கி, பட்டனை அமுக்கினார். தட்டு வெளியே வந்தது. எழுபத்தேழாம் டிஸ்கை விரல் நுனியில் பிடித்து அதன்மேல் இறக்கப் போனார்.

அமிர்தவள்ளி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவர் முகம் சுளித்தார்.

"பாய். கையை எடுங்க. மெதுவா."

அவர் டிஸ்கோடு பின்னால் நகர்ந்தார். அமிர்தவள்ளி தட்டைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பினாள்.

"இந்தப் புது டிஸ்கை நீங்க இதுல போட்டீங்களா?"

"உறையே பிரிக்கலையே," என்றாள் தூபா. "ஒரு தடவை பாத்ததே ஜாஸ்தி. சவுண்டுக்காக இன்னொரு தடவை யாரு பாப்பாங்க?"

"பழைய டிஸ்கைப் பாத்தது?"

"இதுலதான். அதுக்கப்புறம் இதைத் தொடவே இல்ல."

முஜாஹித் எழுந்துவிட்டான். அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிஸ்க் போனால் என்ன, அதைப் பார்த்த கண்டக்டர் இங்கே இருக்கிறான், மறக்காத கண்டக்டர். ஹேமந்த் டிஸ்கை வாங்கிப்போனான், பட்டியல் ஏறிய டிரைவை வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறான். முஜாஹித் அதை லேப்டாப்பில் சொருகினான். திரையில் எண் வந்தது.

எழுபத்திநாலு.

"கொஞ்சம் விட்டிருந்தா நான் சாட்சியைக் கொன்னிருப்பேன்," என்றார் நசீர் பாய். டிஸ்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. டிரைவை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் தூபா. அமிர்தவள்ளி வேண்டாம் என்று தலையாட்டினாள். நாங்கள் கொண்டுபோனால் அதுவும் மஞ்சள் பையில் வந்த ஒரு டிரைவ். இது என் வீட்டில் இருந்தது, இதில் நான் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அங்கே யார் யார் இருப்பார்கள் என்று தூபா கேட்டாள். கேமரா வைத்தவர்களும் இருப்பார்கள் என்று அமிர்தவள்ளி மறைக்காமல் சொன்னாள். தூபா உள்ளே போய்க் கணவனுக்கு ஃபோன் செய்தாள். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. திரும்பி வந்தபோது புர்கா போட்டிருந்தாள். டிரைவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

நாலே முக்காலுக்கு ஸ்டேஷன் வாசலில் நாலு நிருபர்களும் இரண்டு கேமராவும் நின்றன. ஹேமந்த் உள்ளே புதுச் சட்டையில் இருந்தான். இதுவும் வெள்ளை.

அமிர்தவள்ளி சண்டைக்குப் போகவில்லை. வழக்கு பலமாக இருக்க வேண்டும் என்று மெர்சியிடம் சொன்னாள். புகாரில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது, விற்பனை டிஸ்க் எப்போது வந்தது, அதற்கு முன்னால் யார் கைக்காவது போயிருக்குமா, அதைச் சேர்த்தால் வக்கீல் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்றாள். அவள் தோற்றுப்போய் வந்திருக்கிறாள் என்று ஹேமந்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாராளமாகச் சொன்னான்.

"அஞ்சாம் தேதி காலையில நானே ஃபாக்டரிக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு காப்பி வெளிய போகல. அவ்ளோ கவனமா இருந்தேன்."

மெர்சி எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான். தேதியையும் போட்டான்.

அப்புறம்தான் தூபாவை உள்ளே கூப்பிட்டார்கள். ஹேமந்துக்கு அந்தக் குரல் தெரியும். அவள் வணக்கம் சொன்னதுமே அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

அமிர்தவள்ளி நிறையப் பேசவில்லை. தூபாவின் டிரைவில் எழுபத்திநாலு என்பதை மெர்சி தன் கண்ணால் பார்த்தாள். விமர்சன டிஸ்க் ஓடிய டிரைவ் அது. ஆகவே அந்த ஐந்து டிஸ்கிலும் எழுபத்தேழு கிடையாது. எழுபத்தேழு விற்பனை டிஸ்கில்தான் இருக்கிறது, வேறெந்தப் படத்தின் டிஸ்கிலும் இன்னும் வரவில்லை, அந்த விற்பனை டிஸ்கும் ஐந்தாம் தேதிக்கு முன்னால் யாரிடமும் இல்லை. கையெழுத்து இருக்கிறது.

"முஜாஹித்தோட டிரைவ் நாலாம் தேதியே உங்க மேஜைக்கு வந்துடுச்சு. எழுபத்தேழு அதுக்குள்ள ஏறினது இந்த ரூம்ல, மேடம்," என்றாள்.

மெர்சியின் காது மடல் சிவந்தது. ஐந்தாம் தேதி சாயங்காலம் ஹேமந்த் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். முதல் காப்பி உங்களுக்குத்தான் என்று ஒரு டிஸ்கை நீட்டினான். பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டார்கள் என்று அவள் அரை மணி நேரம் வெளியே போனாள். அவன் தன் லேப்டாப்போடு இங்கேயே உட்கார்ந்திருந்தான். அவள் இதை யாருக்கும் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

"சோதிக்கும்போது நீங்களே டிஸ்கைப் போட்டிருப்பீங்க," என்றான் ஹேமந்த். "அதுல ஏறியிருக்கும்."

"மொதல்ல டிரைவைப் பாருங்க, அப்புறம் டிஸ்கைப் பாருங்கன்னு சொன்னது யாரு?" என்றாள் மெர்சி. "நான் அப்படித்தான் பாத்தேன். அப்படித்தான் எழுதியும் வெச்சிருக்கேன்."



"உண்மையிலேயே ஒருத்தன் திருடியிருந்தா, நீங்க அவனைத் தேடியிருப்பீங்க," என்றாள் அமிர்தவள்ளி. "ஒரு ஆளைச் செஞ்சு வெக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. அந்தப் படத்தை நெட்ல போட்டது நீங்கதான். திருடக்கூட ஒருத்தனும் வரல. அதனால நீங்களே திருடிக்கிட்டீங்க. பேப்பர்ல போட ஒரு திருடன் வேணும். இவன் எழுதுறதையெல்லாம் படிச்சிருந்தீங்க. பேரும் தோதா இருந்தது."

ஹேமந்த் பேசியது மேஜையிடம். அஞ்சு பேருக்கு அனுப்பினேன், நாலு பேர் ஒரு வரி எழுதவில்லை என்றான். தாத்தா வீட்டை விற்றார், ஆஸ்பத்திரியில் கடைசி நாள்வரை அந்தப் பதினோரு நாளைத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்றான்.

அமிர்தவள்ளி காத்திருந்து பார்த்தாள். இரக்கம் ஒன்றும் வரவில்லை. தாத்தாவுக்காக அழுகிறவன், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரைத் தாத்தாவின் படத்துக்குப் போஸ்டராக ஒட்டப் பார்த்தான். அழட்டும்.

"இதை நாம உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாமே," என்று மெர்சி தணிந்த குரலில் ஆரம்பித்தாள். அரை மணி நேரம் வெளியே போனது, பையைக் கட்டாமல் விட்டது எல்லாம் அந்தக் குரலில் இருந்தன.

"உங்களுக்கு எப்படி சௌகரியமோ அப்படி முடிங்க. முஜாஹித்தோட அறிக்கையை மட்டும் இப்பவே எழுதிடுங்க. நாங்க நிக்கிறோம்."

நின்றார்கள். மெர்சி எழுதினாள். நசீர் பாய் வாசலில் நின்ற நிருபர்களிடம் போய், படத்தின் சொந்தக்காரரே வந்து பேசுவார், அவர் கதை படத்தைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். வெளியே போக எழுந்த ஹேமந்தைக் கான்ஸ்டபிள் ஒருவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

ஐந்து இருபதுக்குத் தாள் முஜாஹித்தின் கைக்கு வந்தது. வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை. அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். தாளைப் பார்த்தபடியே ஒரு கையால் ஃபோனை எடுத்தான். குழுவின் பக்கம் திறந்தது. கட்டைவிரல் எழுத ஆரம்பித்தது.

"நாப்பது பேர் இருக்கட்டும்," என்றாள் அமிர்தவள்ளி. "மொதல்ல வீட்டுக்குப் போடு."

அவன் விழித்தான். பிறகு நம்பரை அழுத்தினான். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். எதிர்முனையில் ஹலோ வரவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் பக்கத்தில் நின்ற நசீர் பாய்க்கும் கேட்டது.

"அம்மி," என்றான் முஜாஹித். "எம்மேல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."